ஒரே வரிக்கு இரண்டு ஏச்சு

கணனிக்கு நிரல் எழுதுவது என்றால் அது யாரோ கொழும்பில், குளிரூட்டிய அறையில் இருக்கும் ஆண்பிள்ளைகளின் வேலை என்ற எண்ணம் நம் பெண்களில் பலருக்கு இன்னும் விட்டபாடில்லை. எண்களோடு மாரடிக்கும் வேலை என்று நினைக்கிறார்கள். உண்மையில் அந்த வேலையின் பெரும்பகுதி, கணனி நமக்குச் சொல்வதைப் பொறுமையாகக் காது கொடுத்துக் கேட்பதுதான். அதில் நம்மை மிஞ்ச யார் இருக்கிறார்கள்?

கணனி நம்மிடம் இரண்டு விதமாகப் பேசும். ஒன்று பிழை. மற்றது எச்சரிக்கை. அடுப்பில் விறகு இல்லை, சோறு வேகாது என்பது பிழை. பால் பொங்கப் போகிறது, பார்த்துக் கொள் என்பது எச்சரிக்கை. பிழை வந்தால் வேலை அத்தோடு நின்றுவிடும். நாமும் வேறு வழியின்றித் திருத்துவோம். எச்சரிக்கை வந்தாலோ வேலை நடந்துகொண்டே இருக்கும். அதனால்தான் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த இரண்டாவது விடயம் பற்றித்தான் இங்கே எழுத நினைத்தேன்.

பண்டாரவளையிலிருந்து கொஸ்லந்தைப் பக்கம் இறங்கும் வழியில் இருக்கிறது எங்கள் பூனாகலை. நான் பிறந்தது இங்குள்ள லயக் காம்பரா ஒன்றில். அம்மா கொழுந்து பறித்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். இப்போது மாலை நேரங்களில், உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் எடுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சிறு அறையில் வகுப்பு நடத்துகிறேன். ஒன்பது பேர், அதில் ஏழு பேர் பெண் பிள்ளைகள். இரண்டு பழைய மேசைக் கணனிகளும், நல்ல மனம் படைத்த ஒருவர் தந்த ஒரு மடிகணனியும் இருக்கின்றன. உயர்தரப் பாடத்திட்டத்தில் பைதன் என்ற கணனி மொழி இருப்பதால் எங்கள் வகுப்பும் அந்த மொழியைச் சுற்றியே ஓடும். நெதர்லாந்தைச் சேர்ந்த கீடோ வான் ரோசம் என்பவர் ஆக்கி 1991-இல் வெளியிட்ட மொழி அது. தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதக்கூடிய ‘எழில்’ என்ற மொழியை முத்தையா அண்ணாமலை ஆக்கியபோது, அதைக் கட்டி எழுப்பியதும் இந்தப் பைதனைக் கொண்டுதான்.

பிள்ளைகள் செயற்றிட்டத்துக்கு என்ன செய்வது என்று கேட்டபோது, கடைக் கணக்கு, நூலகப் பதிவு என்று வழக்கமானவற்றைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் மண்ணில் மழை பெய்தால் யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. இங்கிருந்து அதிக தூரமில்லாத மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை அப்படியே மூடியதை நாடே அறியும். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலும் மண் சரிந்து வீடுகள் சிதைந்தன, குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. ஆகவே மழை அளவைப் பதிந்து, அபாய நிலையைச் சொல்லும் ஒரு சிறு நிரலைச் செய்வோம் என்று முடிவாயிற்று.

கணக்கு எளிதானது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் மஞ்சள், விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் செம்மஞ்சள், வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ சிவப்பு, உடனே வெளியேற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுப் பகுதி மக்களுக்குச் சொல்லித் தரும் அளவுகள் இவை. மழைமானியைக் காலையிலும் மாலையிலும் பார்த்து எழுதும் பொறுப்பை மேட்டு லயத்துப் பிள்ளை ஒருத்தி ஏற்றுக்கொண்டாள். சரிவுக்கு நேர் கீழே இருப்பது அவளுடைய லயம்தான். இதைவிட நான் விளக்கத் தேவையில்லை.

ஒருநாள் மாலை அவள் மடிகணனியின் முன்னால் இருந்து கூப்பிட்டாள்.

“டீச்சர், இது ஒரு வரிக்கு ரெண்டு தரம் ஏசுது.”

போய்ப் பார்த்தேன். எச்சரிக்கைகளை ஒளிக்காமல் எல்லாவற்றையும் காட்டும்படி ஒரு சிறு கட்டளை சேர்த்து நிரலை ஓட்டுவது எங்கள் வகுப்பு வழக்கம். திரையில் நான்காவது வரியைச் சுட்டி ஓர் எச்சரிக்கை. அதன் கீழே, எழுத்துக்கு எழுத்து அதே எச்சரிக்கை மறுபடியும். அதற்கும் கீழே ஒன்பதாவது வரியில் முக்காற்புள்ளி இல்லை என்று ஒரு பிழை.

பிழை எங்களுக்கு உடனே புரிந்தது. எச்சரிக்கையும் புரிந்தது. மழை அளவுகளைச் சேமிக்கும் கோப்பு எங்கே இருக்கிறது என்று எழுதும்போது, பின்பக்கம் சாய்ந்த கோடு ஒன்றைப் போட்டு, அதற்கு அடுத்து ‘எம்’ என்ற ஆங்கில எழுத்தை வைத்திருந்தாள். பைதனில் அந்தச் சாய்கோட்டுக்கு ஒரு தனி அதிகாரம் உண்டு. அதற்குப் பின் ‘என்’ வந்தால் புதிய வரி, ‘டி’ வந்தால் ஒரு தாவல் இடைவெளி. ‘எம்’ வந்தால் பொருள் ஒன்றும் இல்லை. பொருள் இல்லாததால் பைதன் அதை அப்படியே விட்டுவிட்டு, “இது சரியான சேர்க்கை இல்லை” என்று மட்டும் சொல்லும். (கோப்புறையின் பெயர் ‘என்’ என்ற எழுத்தில் தொடங்கியிருந்தால் ஓர் எச்சரிக்கையும் வராமலே எல்லாம் கெட்டுப் போயிருக்கும் என்பது வேறு கதை.) 2016-இல் வந்த 3.6 பதிப்பிலிருந்து இதற்கு எச்சரிக்கை வருகிறது. 2023-இல் வந்த 3.12-இல் எல்லோர் கண்ணிலும் படும்படி அதை உரத்த குரல் ஆக்கியிருக்கிறார்கள்.

அதெல்லாம் சரி. ஏன் இரண்டு முறை?

வகுப்பிலிருந்த ஒரு பையன், “எச்சரிக்கையையே காட்டாம ஓஃப் பண்ணிருவோம் டீச்சர்” என்றான். செய்யலாம். ஒரு சொல்லில் ஆகிற வேலை. ஆனால் சத்தம் போடுகிற பிள்ளையின் வாயைப் பொத்துவதும், ஏன் அழுகிறது என்று பார்ப்பதும் ஒன்றா? மேட்டு லயத்துப் பிள்ளை அதற்குள் வேறொன்றைச் செய்துவிட்டாள். அதே கோப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பழைய மேசைக் கணனியில் ஓட்டினாள். அங்கே பிழை மட்டும் வந்தது. எச்சரிக்கை ஒன்றுகூட இல்லை!

ஒரே கோப்பு. ஒரு கணனி இரண்டு தரம் ஏசுகிறது, இன்னொன்று வாயே திறக்கவில்லை. பிள்ளைகளுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. பழைய கணனியில் இருப்பது பைதன் 3.8, மடிகணனியில் அதற்குப் பிந்தைய பதிப்பு. ஒரு கொப்பியில் கோடு போட்டு, என்ன மாற்றினோம், எங்கே எத்தனை எச்சரிக்கை வந்தது என்று எழுதத் தொடங்கினோம். பிழை தேடும் வேலையில் கணனியைவிட அந்தக் கொப்பிதான் முக்கியம் என்பது என் அபிப்பிராயம். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். அதற்கு மேல் கூடாது.

முதலில் முக்காற்புள்ளியை வைத்தோம். இரண்டு கணனியிலும் ஒவ்வோர் எச்சரிக்கை. முக்காற்புள்ளியை மறுபடி எடுத்தோம். மடிகணனியில் இரண்டு, பழையதில் பூச்சியம். ஆக, எச்சரிக்கை இரட்டிப்பாவதற்கும் அந்தச் சாய்கோட்டுக்கும் சம்பந்தமில்லை. ஐந்து வரி தள்ளி இருக்கும் வேறொரு பிழைதான் காரணம். நான்காம் வரியில் ஏன் இரண்டு சத்தம் என்று நான்காம் வரியையே முறைத்துப் பார்த்துக் கொண்டிருந்தால் விடியும்வரை கண்டுபிடித்திருக்க மாட்டோம்.

அடுத்த யோசனையும் அவளுடையதுதான். சாய்கோட்டு வரியைப் பிழையுள்ள வரிக்குக் கீழே இறக்கி வைத்தாள். மடிகணனி ஓர் எச்சரிக்கையும் தராமல் பிழையை மட்டும் சொன்னது.

அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “அது பிழ வரைக்கும் வாசிச்சிட்டு, திரும்ப மொதல்ல இருந்து வாசிக்குது டீச்சர். அதான் மேல இருக்கிறத ரெண்டு தரம் சொல்லுது. கீழ இருந்தா அது வரைக்கும் போறதே இல்ல” என்றாள்.

அவள் சொன்னது அப்படியே உண்மை. எப்படி என்று சொல்கிறேன்.

நாம் எழுதும் நிரலைக் கணனி நேரடியாகப் புரிந்துகொள்ளாது. பைதன் போன்ற மொழிகளில் இன்டர்பிரிட்டர் என்ற மென்பொருள் இடையில் இருந்து அதை வாசித்து நடத்தி வைக்கிறது. அதற்குள்ளே பார்சர் என்று ஒரு பகுதி. எது எழுவாய், எது பயனிலை என்று தமிழாசிரியர் வாக்கியத்தைப் பிரித்துக் காட்டுவது போல, நிரலை இலக்கணப்படி பிரித்துப் பார்ப்பது அதன் வேலை. 3.8 வரை பைதனின் பார்சர் பழைய முறையில் இயங்கியது. முதலில் கோப்பு முழுவதும் இலக்கணத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும். பொருந்திய பிறகுதான் மேற்கோள் குறிக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும். முக்காற்புள்ளி விட்டுப்போனதும் முதற் கட்டத்திலேயே நின்றுவிடுவதால், சாய்கோடு அதன் கண்ணில் படவே படாது. பழைய கணனி மௌனம் காத்ததன் காரணம் அதுதான்.

2020-இல் வெளிவந்த 3.9 பதிப்பில் பார்சரையே மாற்றி எழுதினார்கள். கீடோ வான் ரோசத்தோடு பப்லோ கலிந்தோ, லிசாண்ட்ரோஸ் நிக்கோலாவ் என்ற இருவரும் சேர்ந்து முன்வைத்த மாற்றம் அது. இந்தப் புதிய பார்சர் ஒரு வழி சரிவராவிட்டால் பின்னால் வந்து இன்னொரு வழியை முயலும். அப்படிப் போய் வரும்போது ஏற்கெனவே வாசித்ததை மறுபடி வாசிக்காமல் இருக்க, வாசித்ததை நினைவில் குறித்து வைத்துக்கொள்ளும். அதனால் சாதாரணமாக ஓர் எச்சரிக்கை ஒரு தடவைதான் வரும்.

ஆனால் பிழை அகப்பட்டால்? அங்கேதான் சங்கதி இருக்கிறது. முதற் சுற்றில் பார்சர் சரியான இலக்கணத்தை மட்டும் வைத்துக்கொண்டு வேகமாக ஓடுகிறது. எங்கோ இடறினால், “எங்கோ பிழை” என்று மொட்டையாகச் சொல்லாமல், மனிதர் வழக்கமாக விடும் பிழைகளுக்கென்று எழுதி வைத்த தனி விதிகளையும் கையில் எடுத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து மறுபடி வாசிக்கிறது. முக்காற்புள்ளியை விட்டுவிட்டாய் என்று துல்லியமாகச் சொல்ல அதற்கு முடிவது அந்த இரண்டாம் சுற்றினால்தான். நிறுவையில் கொழுந்தை ஒரு பார்வை பார்த்து அனுப்பிக் கொண்டே இருப்பவர், முற்றல் இலை ஒன்று தட்டுப்பட்டதும் கூடையைக் கொட்டி அடியிலிருந்து கிளறுகிறார் அல்லவா, அதுபோல.

இரண்டாம் சுற்றுக்குப் புதிய விதிகள் இருப்பதால், முதற் சுற்றில் குறித்து வைத்த நினைவுகளைப் பார்சர் அழித்துவிட வேண்டியிருக்கிறது. அழித்தபின் அதற்கு நான்காம் வரி புதிய வரிதான். புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்து, புதிதாகச் சொல்வதுபோல் மறுபடி எச்சரிக்கிறது. ஒரே இடத்தில் எழும் ஒரே எச்சரிக்கையை ஒரு முறை மட்டும் காட்டுவதற்குப் பைதனில் பொதுவாக ஒரு பதிவேடு உண்டு. பார்சர் கொடுக்கும் இந்த எச்சரிக்கை அந்தப் பதிவேட்டைத் தொடாமல் நேரே வெளியே வந்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்துதான் இரட்டை ஏச்சு.

பைதனின் உள்நிரல் ஒளிவுமறைவில்லாதது. யாரும் எடுத்து வாசிக்கலாம். அடுத்த நாள் கைத்தொலைபேசியில் அந்தப் பகுதியைத் தேடி எடுத்தோம். சி மொழியில் எழுதப்பட்டிருந்ததால் பிள்ளைகளுக்கு முழுவதும் விளங்கவில்லை. ஆனால் இப்போதுள்ள உள்நிரலில் இந்தக் கோளாறுக்கு மருந்து ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது என்பதைக் கண்டுகொண்டோம். சாய்கோட்டு எச்சரிக்கையை வெளியிடும் இடத்தின் தலைப்பிலேயே சின்னஞ்சிறு நிபந்தனை: இரண்டாம் சுற்றில் இருக்கிறாயா, அப்படியென்றால் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போ. எச்சரிக்கை இருமுறை தோன்றாமல் இருக்கவே இப்படி என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் இருந்தது. எங்கள் மடிகணனியில் இருந்தது அந்த மருந்து சேராத பதிப்பு.

அந்தத் தீர்வின் அளவு எனக்கு மிகவும் பிடித்தது. எச்சரிக்கையை நிறுத்தவில்லை. பார்சரையும் மாற்றவில்லை. இரண்டாம் சுற்று என்று ஒன்று வந்தால் அதற்கு முன் முதற் சுற்று நிச்சயம் நடந்திருக்கும், சொல்ல வேண்டியது சொல்லப்பட்டிருக்கும் என்ற ஓர் உறுதியின் மேல் அந்த இரண்டு மூன்று வரிகள் நிற்கின்றன. இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு கோளாறும் உண்டு. எது நடந்தாலும் கடைசியில் செய்தே ஆக வேண்டியவற்றை எழுதும் ‘ஃபைனலி’ என்ற பகுதியைப் பைதன் உள்ளுக்குள் இரண்டு பிரதி எடுத்து வைக்கிறது. ஒன்று நல்லபடி முடிந்தால், மற்றது இடையில் கோளாறானால். அதற்குள் எச்சரிக்கைக்குரிய வரி இருந்தால் அங்கேயும் இரண்டு தரம் சத்தம் வர இடமுண்டு. அதை இங்கே நீட்டவில்லை.

இவ்வளவையும் அந்தப் பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவளுடைய அப்பாயி, எழுபதைத் தாண்டியவர், என்னைக் கண்டபோது சிரித்துக்கொண்டே கேட்டார்: “ஏன் புள்ள, மிசினும் ரெண்டு தப்பு அடிக்குதாமே?”

இளையவர்களுக்கு இது விளங்காது. அந்தக் காலத்தில் விடியுமுன் பெரட்டுக்கு ஆள் கூட்டத் தப்பு அடிப்பார்கள். அவருடைய தோட்டத்தில் இரண்டு முறை அடிப்பார்களாம். முதலாவது எழும்புவதற்கு, இரண்டாவது களத்துக்கு வந்து நிற்பதற்கு. “மொதத் தப்புக்கு ஒருத்தியும் எழும்ப மாட்டோம். இன்னொன்னு வரும்னு தெரியுமே” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மீரியபெத்தை நினைவுக்கு வந்தது. அங்கிருந்த மக்களை அவ்விடத்தைவிட்டு அகலும்படி 2005-இலும் 2011-இலும் அறிவுறுத்தியிருந்தார்கள் என்று சரிவுக்குப் பிறகு பலரும் சொன்னார்கள். சொல்லியும் கேட்கவில்லையே என்று தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து கேட்டவர்களும் உண்டு. கேட்பது சுலபம். போ என்கிற குரல் வருகிறது. எங்கே போவது என்பதற்கு வீடும் இல்லை, காணியும் இல்லை. வேலை இந்த மலையில், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இந்த மலையில். அந்த நிலையில் அதே எச்சரிக்கை மறுபடி மறுபடி வந்தால் அது மழைச் சத்தத்தோடு சேர்ந்து இன்னொரு சத்தமாகத்தானே ஆகும்? எச்சரிக்கை பழகிப் போவதற்கு மக்களின் அசட்டையை மட்டும் காரணம் காட்டுவது நியாயமில்லை என்றே நான் நினைக்கிறேன். நான்காம் வரியையே முறைத்துக் கொண்டிருப்பது போன்றது அது. காரணம் ஐந்து வரி தள்ளி இருக்கிறது.

பிள்ளைகள் தங்கள் நிரலை அதன்பின் திருத்தி எழுதினார்கள். சாய்கோடும் முக்காற்புள்ளியும் ஐந்து நிமிட வேலை. மற்றது இரண்டு வாரம் எடுத்தது. முதலில் எழுதியபடி, மழை அளவைப் பதியும் ஒவ்வொரு தடவையும் “மஞ்சள், மஞ்சள்” என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. இப்போது நிலை மாறும்போது மட்டும், ஒரே ஒரு தடவை சொல்கிறது. முன்பு என்ன சொன்னோம் என்பதை ஒரு கோப்பில் குறித்து வைத்துக்கொள்கிறது. கணனியை அணைத்துப் போட்டாலும் அந்தக் குறிப்பு அழியாது.

சிவப்பு விடயத்தில்தான் வாக்குவாதம் வந்தது. அதையும் ஒரு தடவையோடு நிறுத்தலாமா? எல்லோரும் தூக்கத்தில் இருந்தால்? மேட்டு லயத்துப் பிள்ளை பிடிவாதமாக நின்றாள். யாராவது வந்து ஒரு விசையை அழுத்தி “கேட்டுவிட்டேன்” என்று சொல்லும்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி ஒலிக்க வேண்டும், அழுத்திய பிறகு ஒலிக்கக்கூடாது என்றாள். அப்படியே ஆயிற்று.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த அந்த நாட்களில் பதுளை மாவட்டம் பட்ட பாடு சொல்லி முடியாது. மின்சாரம் போயிற்று, தொலைபேசித் தொடர்பும் போயிற்று. மடிகணனியின் மின்கலம் முதல் இரவோடு தீர்ந்தது. அதன் பிறகு கொப்பியும் மழைமானியும் ஒரு விசிலும்தான். யார் விழித்திருப்பது, யார் மழைமானியைப் பார்ப்பது, விசில் எந்த நிலைக்கு எத்தனை தரம் ஊதுவது என்பதெல்லாம் நிரலுக்காக ஏற்கெனவே பேசி எழுதி வைத்திருந்தபடியால், அந்தத் தாளை அப்படியே சுவரில் ஒட்டிக்கொண்டோம்.

இப்போது மடிகணனிக்கு ஒரு வெளி மின்கலம் வாங்கியிருக்கிறோம். பைதனையும் புதிய பதிப்புக்கு மாற்றியாயிற்று. விசையை அழுத்தும் பொறுப்பை லயத்துப் பெண்கள் முறை வைத்துப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த வாரம் நான்காம் காம்பரா அக்காவின் முறை. எந்த விசை என்று மறந்துபோகாமல் இருக்க, அதன் மேல் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டி வைத்திருக்கிறார்.